அந்தக் கொக்கி டீ பொட்டலத்துக்கு அல்ல

போன வாரம் நம் செயின்சா ரிப்பேர் கடைக்கு வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஜாலான் புசாரில் முழங்காலுக்குப் பட்டை வாங்க வந்தவன், முப்பது வருடத்துக்கு மேல் நின்ற இடமாயிற்றே என்று எட்டிப் பார்த்தேன். இப்போது அங்கே மெக்கானிக்காக இருக்கும் நீங்கள் மூன்று பேரும் மரியாதையாக நாற்காலி போட்டீர்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. குறையெல்லாம் தலைக்கு மேலே இருந்தது.

எஞ்சின் மேசைக்கு நேர் மேலே உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. அதில் பிளாஸ்டிக் பையில் கட்டிய மூன்று டீ பொட்டலங்கள் தொங்கின. ஒன்று ஒழுகி, கீழே கழற்றி வைத்திருந்த கார்ப்ரேட்டரின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு உங்களில் ஒருவர், "அங்கிள், இது பழைய ஃபேன் மாட்டுன ஹூக்கா? ரொம்ப கன்வீனியன்ட் லா," என்றார். மற்ற இருவரும் தலையாட்டினீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அங்கேயே வாயைத் திறந்திருந்தால் வசைதான் வந்திருக்கும். தோ பாயோவில் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து நிதானமாகத் திட்டலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். பிறகு என்னைத் திட்டிக்கொள்வேன். என் பங்கு பெரியது.

மரம் அறுக்கும் ஒரு செயின்சா ஐட்லிங்கில், ஆக்சிலேட்டரைத் தொடாத அந்த மெல்லிய ஓட்டத்தில், நிலையாக நிற்கவில்லை என்று வந்தால் உங்கள் கை எங்கே போகிறது? பாக்கெட்டில் இருக்கும் சின்ன ஸ்குரூ டிரைவருக்குப் போகிறது. அன்று நான் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு முறை பார்த்தேன். ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் அணைந்துவிடுகிறதா, ஸ்குரூவை ஏற்று. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின் ஓடுகிறதா, ஸ்குரூவை இறக்கு. எஞ்சின் முணுமுணுவென்று நிற்கிறதா, செயின் அசையாமல் இருக்கிறதா, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் 'ஓகே' என்று எழுதி அனுப்பு. இதற்கு நீங்கள் எதற்கு? குரங்கு கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து ஒரு வாழைப்பழமும் கொடுத்தால் அதுவும் இதையே செய்யும். கார்டில் 'ஓகே' மட்டும் எழுதாது, அந்த அளவுக்கு அதற்குக் கூச்சம் இருக்கும்.

இதை எங்கே கற்றீர்கள் என்றும் எனக்குத் தெரியும். எவனோ ஒருவன் பளபளக்கும் மேசையில் புத்தம்புது செயின்சாவை வைத்து, சுத்தமான கையுறை போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் சரிசெய்யும் வீடியோ. அவன் கையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்காது. அவனுக்குத்தான் லட்சக்கணக்கில் ரசிகர்கள்.

ஆனால் உங்களைச் சொல்லி என்ன பயன்? நானும் அதைத்தான் செய்தேன். வீடியோ பார்த்துச் செய்யவில்லை. தலைக்கனத்தில் செய்தேன். அது இன்னும் மோசம்.

அப்போது எனக்கு வயது ஐம்பத்தைந்து. இந்தத் தெருவில் ஐட்லிங் என்றால் நான்தான் என்று பெயர். எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், கண்ணை மூடிக்கொண்டு, "ஃபில்டர் அடைச்சிருக்கு", "பழைய பெட்ரோல்" என்று சொல்வேன். பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கும். பத்தாவது முறையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நானும் பேச மாட்டேன். வாடிக்கையாளர்கள் போனை நீட்டி, "அண்ணே, இப்படித்தான் சத்தம் வருது பாருங்க" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எஞ்சினைக் காட்டு, சினிமா காட்டாத" என்பேன். கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே சொல்வேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தங்கராசு வந்தார். அறந்தாங்கிப் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். சாலையோர மரங்களைக் கழிக்கும் ஒரு கம்பெனியில் மரம் ஏறுகிறவர். இடுப்பில் கட்டிய பெல்ட்டிலும் கயிற்றிலும் தொங்கிக்கொண்டு ஒரு கையால் கிளையைப் பிடித்து மறு கையால் அறுக்கிற வேலை. அவர் கொண்டுவந்தது அதற்கென்றே இருக்கும், மேலே கைப்பிடி வைத்த சின்ன செயின்சா.

"அண்ணே, கீழ இருந்தா ஐட்லிங்ல நிக்காம அணைஞ்சுடுது. மேல போனா தன்னால வேகமா ஓடுது," என்றார்.

எனக்கு இதைவிட நல்ல பந்து யாரும் போட்டதில்லை. "எஞ்சினுக்கு மேல எது கீழ எதுன்னு தெரியுமாப்பா? இது என்ன லிஃப்டா?" என்றேன். கடை சிரித்தது. தங்கராசும் மரியாதைக்குச் சிரித்தார்.

மேசையில் வைத்து ஸ்டார்ட் செய்தேன். ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்தது. பார்த்தால், எவனோ ஐட்லிங் ஸ்குரூவை அடியோடு இறக்கி வைத்திருந்தான். யார் என்று கேட்கத் தேவையில்லை. அவர்கள் சூப்பர்வைசர் சந்திரன் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்குரூ டிரைவர் எப்போதும் எட்டிப் பார்க்கும். பேனாவை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. நான் ஸ்குரூவை முறையான அளவுக்கு ஏற்றினேன். எஞ்சின் அழகாக நின்றது, செயின் அசையவில்லை. ஃபில்டரைத் தட்டிக் கொடுத்தேன். கார்டில் 'ஓகே' எழுதினேன்.

"மேல போனாலும் ஓடாதுல்ல அண்ணே?" என்று கேட்டார் தங்கராசு.

"லிஃப்ட்ல ஏத்தாம இருந்தா ஓடாது," என்றேன்.

ஏன் அப்படிக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஸ்குரூவை இறக்கியவன் ஏன் இறக்கினான் என்றும் யோசிக்கவில்லை. ஒரு முட்டாள்கூடக் காரணமில்லாமல் ஸ்குரூவைத் திருக மாட்டான். அவன் சொல்லும் தீர்வுதான் முட்டாள்தனமாக இருக்கும், பிரச்சினை உண்மையாகத்தான் இருக்கும். இதை எழுத ஒரு நிமிடம் ஆகிறது. எனக்குப் புரிய மூன்று வாரம் ஆயிற்று.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதே செயின்சா. பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் குப்பென்று தீய்ந்த வாடை வந்தது. கிளட்ச் வெந்து நீலம் பாரித்திருந்தது. அப்படி ஆக ஒரே வழிதான் எனக்குத் தெரியும். செயினை நிறுத்தும் பிரேக்கைப் போட்டுவிட்டு, மறந்துபோய் ஆக்சிலேட்டரை அமுக்கிக்கொண்டே இருப்பது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்வது.

"பிரேக் போட்டுட்டு ஏன்ப்பா அமுக்குற?"

"அமுக்கலண்ணே. மேல தொங்கவிட்டா அதுவா வேகம் ஏறுது. செயின் ஓடிடக் கூடாதேன்னு பிரேக்கைப் போடுறேன். அதுல சூடாயிடுது."

"அதுவா ஏறுதா? பேய் ஏறுதா?"

அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடி கீறிய பழைய போன். "நேத்து மேல இருக்கும்போது எடுத்தேன்ணே. சின்ன வீடியோதான்," என்று நீட்டினார்.

என் வசனம் உங்களுக்குத் தெரியும். அதையே சொன்னேன். கடை சிரித்தது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. போனைத் திரும்பப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

கிளட்சை மாற்றினேன். மேசையில் ஓட்டினேன், அருமையாக நின்றது. ஜாப் கார்டில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதில் 'ஆபரேட்டர் மிஸ்யூஸ்' என்று ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓட்டியவர் ஒழுங்காக ஓட்டவில்லை என்று அர்த்தம். அதை எழுதும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. கட்டம் நிரம்பிவிட்டது, பழி நம் மேல் இல்லை. நீங்களும் அந்தக் கட்டத்தை நிரப்புகிறீர்கள். போன வாரம் உங்கள் கார்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். நாளுக்கு ஒன்றாவது அந்த இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. இந்தச் சிங்கப்பூரில் செயின்சா ஓட்டத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை போலிருக்கிறது.

மூன்றாவது வாரம் தங்கராசு வரவில்லை, சூப்பர்வைசர் சந்திரனே வந்தார். லாரியைக் கடை வாசலில் நிறுத்தி, செயின்சாவை மேசை மேல் டொக்கென்று வைத்தார். லாரியின் பின்பக்கம் தங்கராசு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கடைசியா ஒரு தடவ சர்வீஸ் பண்ணிக் கொடுத்துடுங்க. வேற ஆளுக்குக் கொடுக்கணும். இவன இன்னிக்கு வொர்க் பெர்மிட் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்புறோம்."

"என்னாச்சு?"

"மேல போய் தூங்குறான்ணே. ஒவ்வொரு கிளைக்கும் மிஷின ஆஃப் பண்றான், திரும்ப ஸ்டார்ட் பண்றான். பொங்கோல்ல ரோட்ட அடைச்சு வெச்சுட்டு நிக்கிறோம், இவன் மேல ஸ்டார்ட் கயிற இழுத்துக்கிட்டு இருக்கான். கேட்டா மிஷின் சரியில்லையாம். நீங்க ரெண்டு தடவ பாத்து ஓகேன்னு சொன்ன மிஷின்! உங்க கார்டத்தான் ஆஃபீஸ்ல காட்டினேன். ஆபரேட்டர் மிஸ்யூஸ். அதுக்கு மேல என்ன வேணும்? மேனேஜர் மேடம் உடனே பேப்பர் ரெடி பண்ணச் சொல்லிட்டாங்க. உங்க கையெழுத்துன்னா கையெழுத்துண்ணே."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசி வாக்கியம் எனக்கு இனித்தது. ஒரு மனிதனின் பிழைப்பு போகிறது என்பது ஒரு காதிலும், என் கையெழுத்துக்கு மரியாதை இருக்கிறது என்பது மறு காதிலும் விழுந்தது. இரண்டாவது காதுதான் வேலை செய்தது.

சந்திரன் அடுத்த ஹார்ட்வேர் கடைக்குக் கயிறு வாங்கப் போனார். அவர் தலை மறைந்ததும் தங்கராசு லாரியிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். கெஞ்சப் போகிறார் என்று நினைத்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, ஊருக்கு அனுப்பினா அனுப்பட்டும். அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் அடிச்சுடுங்க. மிஷின் ஓட்டத் தெரியாதவன்னு எழுதி அனுப்பினா வேற எந்தக் கம்பெனியும் என்னை மரத்துல ஏத்த மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான்."

"பொய் எழுத மாட்டேன். எழுதினத அடிக்கவும் மாட்டேன். இங்க பாரு." நான் எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். மேசையில் அது பூனைக்குட்டியைப் போல முணுமுணுத்தது. "இதுல என்ன கோளாறு? நீயே சொல்லு."

தங்கராசு எஞ்சினைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். "அண்ணே, நீங்க எப்பவும் மேசையில வெச்சுத்தான் பாப்பீங்களா?"

"பின்ன மடியில வெச்சா பாப்பாங்க?"

"எனக்கு மேல மேசை இல்லண்ணே."

கேலியாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னார். எப்போதும் கடையில் யாராவது சிரித்துக்கொண்டே இருப்பார்கள், அப்போது யாரும் சிரிக்கவில்லை.

மரம் ஏறுகிறவர்கள் செயின்சாவை எப்படி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அறுத்து முடித்ததும் கைப்பிடியின் வளையத்தில் ஒரு பட்டையை மாட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அடுத்த கிளைக்கு இரண்டு கையும் வேண்டுமே. அதைச் சாலையில் போகும்போது நூறு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் முப்பது வருடத்தில் ஒரு செயின்சாவைக்கூட நான் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் யாருமே பார்த்ததில்லை. எஞ்சின் வந்தால் மேசையில் வைப்போம். மேசையில் நின்றால் ஊரெல்லாம் நிற்கும் என்பது எங்கள் முடிவு.

"தொங்கவிடு பாப்போம்," என்றேன்.

அவர் தன் இடுப்புப் பட்டையைக் கழற்றினார். பிரேக்கைப் போட்டார். கடை ஷட்டரின் இரும்புத் தாங்கியில் பட்டையைச் சுற்றி, ஓடிக்கொண்டிருந்த செயின்சாவை மெதுவாகத் தொங்கவிட்டு, கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். நானும் நின்றேன். ஒரு மூச்சு விடும் நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு சத்தம் ஏற ஆரம்பித்தது. ஆள் தொடாத எஞ்சின், ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கியதைப் போல அலறியது. கிளட்ச் தீயும் வாடை வந்தது. தங்கராசு போய் அடியில் கையைக் கொடுத்து லேசாகத் தூக்கினார். சத்தம் இறங்கி முணுமுணுப்புக்கு வந்தது. கையை எடுத்தார். மறுபடி அலறியது. பேய் ஏறுதா என்று கேட்டவன் நான். செயின்சாவை இறக்கி அணைத்து, பிரிக்க ஆரம்பித்தேன்.

நான்கு ஸ்குரூ, பத்து நிமிட வேலை. கார்ப்ரேட்டர் கைப்பிடிப் பக்கம் இருக்கும். எஞ்சின் தனியாக, அதிர்வைத் தாங்கும் ரப்பர்களின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒரு சின்ன ரப்பர் குழாய் இணைக்கும். அந்தக் குழாயில் நகக்கண் நீளத்துக்கு ஒரு விரிசல். மேசையில் வைத்தால் அந்த விரிசலின் இரு ஓரமும் ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டால் எஞ்சினின் எடை கீழே இழுக்கும், விரிசல் வாயைத் திறக்கும், காற்று தாறுமாறாக உள்ளே போகும், வேகம் ஏறும். எஞ்சினுக்கு மேல் எது கீழ் எது என்று தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். சந்திரன் ஸ்குரூவை இறக்கி வைத்திருந்தபோது, மேலே அது ஓரளவு அடங்கி ஓடியிருக்கும். அந்த அளவை 'முறையாக' ஏற்றிவிட்டு தங்கராசுவை மேலே அனுப்பியவன் நான். கிளட்ச் வெந்தது என் முறையான அளவுக்குப் பிறகுதான். ஒவ்வொரு கிளைக்கும் எஞ்சினை அணைத்தாரே, அது தூக்கம் இல்லை. தன் தொடைக்கும் தன்னைத் தாங்கும் கயிற்றுக்கும் பக்கத்தில் அந்த அலறல் வேண்டாம் என்று எடுத்த முடிவு. அந்தக் கம்பெனியில் அந்த மூன்று வாரத்தில் மூளையை உபயோகித்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குத்தான் நான் அந்த இரண்டு வார்த்தைகளை எழுதியிருந்தேன்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள், இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். புதுக் குழாய் அலமாரியில் இருந்தது. மாட்டினேன். மாட்டிக்கொண்டிருக்கும்போது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? சந்திரன் திரும்பி வருவார், செயின்சாவை எடுத்துக்கொண்டு போவார், அது இனிமேல் எங்கேயும் நன்றாக ஓடும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு முறை பார்த்தும் கோட்டைவிட்டேன் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டாம். கல்லாவில் முதலாளி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனி எங்கள் பெரிய வாடிக்கை. ஒரு ஆள் ஊருக்குப் போவார், அவ்வளவுதானே. தினமும் எத்தனை பேர் போகிறார்கள்.

நான்கு ஸ்குரூவையும் முறுக்கி முடிக்கும்வரை இப்படித்தான் யோசித்தேன். நல்லவன் போல உங்களிடம் நடிக்க எனக்கு விருப்பமில்லை. என்னை மாற்றியது மனசாட்சியும் இல்லை. எதிரே நின்ற தங்கராசு, நான் முறுக்கிய ஸ்குரூ ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே, "அண்ணே, அடுத்து ஏறுறவனுக்கு இது தன்னால ஓடாதுல்ல?" என்று கேட்டார். அன்று மாலை வேலை போகப்போகிறவர் கேட்ட கேள்வி.

சந்திரன் வந்ததும் சொன்னேன். "மிஷின்லதான் கோளாறு. நான் கவனிக்கல. அந்தக் கார்டு தப்பு."

"அண்ணே, விடுங்கண்ணே. பேப்பர் எல்லாம் ரெடி. இப்ப போய் ஏன் காம்ப்ளிகேட் பண்றீங்க?"

"காம்ப்ளிகேட் பண்ணினது நான். நானே சரி பண்றேன்."

புதுக் கார்டை எடுத்தேன். காரணம் எழுதும் கட்டத்தில், 'மெக்கானிக் தவறு, இரண்டு முறை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சந்திரன் அதை வாங்கி மடித்து, ஸ்குரூ டிரைவர் இருக்கும் பையில் வைத்தார். அந்தப் பையில் போனது வெளியே வராது என்று எனக்குத் தெரியும். திரும்ப வாங்கிக்கொண்டேன். கழற்றிய பழைய குழாயையும் செயின்சாவையும் எடுத்துக்கொண்டு, "நானும் ஆஃபீஸுக்கு வரேன்," என்றேன். முதலாளி கல்லாவிலிருந்து, "யூ ஷ்யூர் ஆ?" என்றார். தலையாட்டினேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவே அனுமதி. சந்திரன் முன் சீட்டில் இடம் தரவில்லை. தங்கராசுவோடு லாரியின் பின்னால் கயிற்றுக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து போனேன்.

அவர்கள் கம்பெனி முற்றத்தில் மேனேஜர் அம்மாள் வந்து நின்றார். கையில் இன்னொரு கோப்பு, முகத்தில் அவசரம். நான் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கினால் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பழைய குழாயைத் திரும்ப மாட்டி, லாரியின் கம்பியில் செயின்சாவைத் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்தேன். அது அலறியதும் அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போனார். கார்டை நீட்டினேன். படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான். பிறகு சந்திரனிடம் ஆங்கிலத்தில் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "நம்மகிட்ட இதே மாடல் இன்னும் எத்தனை இருக்கு?"

அன்று வெளியே போகாமல் இருந்த ஐந்தையும் தொங்கவிட்டோம். மூன்றாவது அலறியது. அதை ஓட்டுகிறவர் பட்டுக்கோட்டைக்காரர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எத்தனை நாளாக இப்படி என்று அந்த அம்மாள் கேட்டார். தமிழில் மொழிபெயர்த்து நான் கேட்டேன்.

"ஒரு மாசமா ஓடுதுண்ணே."

"ஏன்ப்பா சொல்லல?"

அவர் தங்கராசுவைக் காட்டினார். "இவன் சொன்னான். என்ன ஆச்சு?"

உங்கள் 'ஆபரேட்டர் மிஸ்யூஸ்' என்ன செய்கிறது என்று இப்போதாவது புரிகிறதா? வாயைத் திறந்த ஒருவரை அது அடிக்கிறது. அதைப் பார்த்து மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்புறம் நாம், கோளாறே வருவதில்லை, நம் வேலை அவ்வளவு சுத்தம் என்று மார்தட்டிக்கொள்கிறோம்.

தங்கராசுவின் பெர்மிட்டை ரத்து செய்யவில்லை. கோப்பிலிருந்த என் பழைய கார்டை அந்த அம்மாள் எடுத்து என்னிடமே கொடுத்தார். சந்திரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு என்றைக்கும் ஒன்றும் ஆகாது. ஸ்குரூ டிரைவரை மட்டும் சட்டைப்பையிலிருந்து கால்சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். மறுநாள் காலை கடைக்கு வந்ததும் முதல் வேலையாக உத்தரத்தைத் துளைத்து அந்தக் கொக்கியை முறுக்கினேன். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை தொங்கவிட்டுப் பார்க்காமல் ஒரு செயின்சாகூட அந்தக் கடையை விட்டுப் போகவில்லை.

வீடியோவை நான் பார்த்தது அதற்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடை வாசலில் தங்கராசு கூட்டத்தோடு நின்றிருந்தார், அவரே என்னைப் பார்த்துவிட்டு வந்தார். ஆளுக்கொரு டீ சொன்னோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் அடுத்தவனைக் கிண்டல் செய்த வாய்க்கு அது சட்டென்று வரவில்லை. அதற்குப் பதிலாக, "அந்த வீடியோ இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. சின்ன வீடியோ, அவர் சொன்ன மாதிரியே. கீழே வெகு தூரத்தில் தார் ரோடு, மஞ்சள் லாரி. அவர் தொடைக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளியில் செயின்சா தொங்குகிறது. செயின் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குப் பற்கள் தெரியாத வேகத்தில் ஓடுகிறது. கீழேயிருந்து, "அங்க என்னடா போட்டோ புடிக்கிற?" என்று சந்திரன் கத்துவது கேட்கிறது. படத்துக்குள் தங்கராசுவின் கை வருகிறது, ஐந்து விரலையும் விரித்து நிற்கிறது. அவர் குரல், அவசரமே இல்லாமல்: "அண்ணே, பாத்துக்கங்க. கை வெக்கலண்ணே."

அந்த 'அண்ணே' நான்தான். வேறு யாருக்கும் அவர் அதை எடுக்கவில்லை.

இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். ஏதோ இடித்தது. "நீ எப்பவும் பிரேக் போட்டுத்தானே தொங்கவிடுவ? இதுல செயின் ஓடுதே?"

"பிரேக் போட்டா செயின் நிக்கும்ணே. வெறும் சத்தத்த வெச்சு நீங்க நம்ப மாட்டீங்கன்னு பிரேக்க எடுத்துட்டேன்," என்றார். டீயை ஊதிக் குடித்தார்.

கொக்கியிலிருந்து டீ பொட்டலங்களை எடுத்துவிடுங்கள்.